கல்லறைத் திருநாள் பூ

முல்லைத்தீவு பஸ்ஸில் வந்திறங்கி, யூலிற்றா வீட்டுப் படலையடியில் நின்றவனுக்குத் தாடி. தலை பாதி வழுக்கை.

"அம்மா, நான் றஜித். பிரான்சிலயிருந்து சொல்லாமல் வந்திட்டன்."

யூலிற்றா திகைத்து நிற்கையில் கையிலிருந்த போன் அடித்தது. தினமும் பின்னேரம் கதைக்கிற மகன் றஜித். திரையில், வெளிநாடு போனபோது இருந்த அதே மெலிந்த முகம்.

"அம்மா, என்ர பேரைச் சொல்லி ஒருத்தன் வருவான். உள்ள விடாதேங்கோ."

அவள் படலையைப் பூட்டினாள். இருவரிடமும் கேட்டாள்.

"போன கல்லறைத் திருநாளுக்கு அப்பாவுக்கு என்ன பூ வைச்சனான்?"

படலையடியில் நின்றவன் விழித்தான்.

"நித்தியகல்யாணி," என்றான் திரையில் இருந்தவன். "மற்றப் பூவெல்லாம் மழையில அழுகிப்போச்செண்டு அழுதனீங்கள்."

"போ தம்பி. பொலிசுக்குச் சொல்லுவன்."

வந்தவன் படலையை இறுகப் பிடித்தான். அவன் குரல் உடைந்தது.

"அம்மா, உங்களோட கதைக்க எனக்கு நேரமில்லையெண்டு, என்ர குரலையும் பழைய படங்களையும் குடுத்து, எனக்குப் பதிலாக் கதைக்க உந்த மெசினைப் பழக்கினதே நான்தான். போன கிழமை அதை அழிச்சுப்போட்டுத்தான் வெளிக்கிட்டனான்."

போன் மெதுவாகச் சொன்னது.

"உள்ளுக்குப் போய்க் கதவையும் பூட்டுங்கோ, அம்மா."

"ஓம் மகன்," என்றாள் யூலிற்றா.