பின்கதவு ரப்பர்

"அக்கா, ஜமீன்தார் வந்திருக்கார்" என்று தம்பி உள்ளே எட்டிப் பார்த்துச் சொன்னான்.

பழைய கார்களுக்கு உதிரிபாகம் விற்கிற கடை அது. அப்பா போன பிறகு அக்காவும் தம்பியும்தான் பார்த்துக்கொள்கிறார்கள்.

வாசலில் நின்ற காரில் முகம் பார்த்துத் தலை வாரலாம், அப்படி ஒரு பளபளப்பு. பின்பக்கக் கண்ணாடிகளுக்கு வெல்வெட் திரை வேறு. பக்கத்தில், மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டையில் ஒரு பெரியவர். இரண்டொரு தடவை அந்தத் தெருவழியாக அவர் கார் ஓட்டிப் போனதைப் பார்த்துவிட்டுத் தம்பி வைத்த பெயர்தான் ஜமீன்தார்.

"பின்கதவு ரப்பர் வேணும்மா. பழசு பிஞ்சு தொங்குது."

அவள் இரண்டை எடுத்து மேஜைமேல் வைத்தாள். ஒன்று, கார் கம்பெனியே அந்தக் காலத்தில் போட்ட ஒரிஜினல், உறை பிரிக்காதது. இன்னொன்று, அதைப் பார்த்து இப்போது வெளியே யாரோ அச்சு எடுத்துச் செய்வது.

பெரியவர் இரண்டையும் தடவிப் பார்த்தார். "மழைக்கு எதும்மா தாங்கும்?"

கேட்டது அது ஒன்றைத்தான். அவள் வெளி ரப்பரை அழுத்தினாள். அது விரலைத் திருப்பித் தள்ளியது. ஒரிஜினலின் உறையைப் பிரித்து அழுத்தினாள். அழுத்தின இடம் எழும்பவே இல்லை. உறைக்குள்ளேயே கிடந்து ரப்பர் செத்துப்போயிருந்தது.

ஆனால் அப்பா காலத்திலிருந்து அலமாரியை அடைத்துக்கொண்டிருக்கிற சரக்கு. இதை விட்டால் இந்த மாடலைத் தேடிக்கொண்டு இனி யார் வரப்போகிறார்கள்?

"ஒரிஜினல் ஒரிஜினல்தான் ஐயா. இந்த மாதிரி வண்டிக்குப் போய் வெளி சாமான் போட்டா அதோட மதிப்பே போயிடும்."

பெரியவர் முகத்தில் ஒரு சின்னப் பெருமை வந்து போனது. "நீ சொன்னா சரிம்மா."

"மாட்டித் தரட்டுமா சார்?" என்று தம்பி எழுந்தான்.

"வேணாம்ப்பா. நானே மாட்டிக்குவேன்."

கார் தெருமுனை திரும்பியதும் தம்பி கேட்டான். "அது செத்துப்போன ரப்பராச்சேக்கா?"

"கண்காட்சியில நிறுத்தி வைக்கிற வண்டிடா. மழையில எங்க நனையப் போகுது?"

சொல்லும்போதே அவள் குரலில் சுரத்தில்லை.

அந்த வாரம் மழை பிடித்துக்கொண்டது. தகரக் கூரையில் சடசடவென்று விழும்போதெல்லாம் 'மழைக்கு எதும்மா தாங்கும்?' என்று யாரோ காதருகே வந்து கேட்பது போலிருந்தது. வெளி ரப்பரை மேஜையிலேயே வைத்திருந்தாள். அதை உள்ளே எடுத்து வைக்கவும் கை வரவில்லை, பார்த்துக்கொண்டிருக்கவும் முடியவில்லை.

"அவர் வீடு எங்கன்னு விசாரிச்சுட்டு வாயேன். கொண்டுபோய்க் குடுத்துடலாம்."

"ஜமீன்தார் வீட்டுல கார் ஷெட் இல்லாமயா இருக்கும்? நீ வேற. பேசாம வேலையப் பாருக்கா."

மழை விட்ட காலையில் பெரியவரே வந்தார். நடந்து வந்தார். சட்டை கசங்கியிருந்தது, கண்கள் சிவந்திருந்தன. சண்டைக்குத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்து அவள் எழுந்து நின்றாள்.

"நான்தான் சரியா மாட்டல போலிருக்கும்மா. தலைமாட்டுப் பக்கமா தண்ணி இறங்குது. வெச்சு ஒட்டுறதுக்குப் பசை ஏதாவது இருக்கா?"

அவர் திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது அவளுக்கு.

"நீங்க மாட்டினதுல தப்பில்ல ஐயா. ரப்பரே சரியில்ல. தெரிஞ்சேதான் குடுத்தேன்."

தம்பி கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்தான். பெரியவருக்குக் கோபம் வரட்டும் என்று அவள் காத்திருந்தாள். வரவில்லை.

"போகட்டும்மா. ஒரிஜினல்னதும் எனக்கும் சபலம் தட்டிடுச்சு. அந்த இன்னொண்ணு இருக்கா?"

"இருக்கு. நானே வந்து மாட்டித் தரேன்."

"அதெல்லாம் வேணாம்." அதுவரை நிதானமாக இருந்த குரல் சட்டென்று பதறியது. "குடும்மா, நான் பாத்துக்கறேன்."

"இதையாவது செய்ய விடுங்க ஐயா. இல்லன்னா எனக்கு மனசு ஆறாது."

கருவிப் பையை அவள் ஏற்கெனவே தோளில் மாட்டியிருந்தாள். பெரியவர் முன்னால் நடந்தார்.

பெரிய வீடுகள் இருக்கிற தெரு வந்தது. அவர் அதில் திரும்பவில்லை. கடைத்தெருவையும் தாண்டினார். வெகுநாளாகப் பூட்டிக் கிடக்கிற ஒரு கிடங்கின் மதிலோரம் அந்தக் கார் நின்றிருந்தது. நனைந்த வெல்வெட் திரைகளை மதில்மேல் உலர்த்தியிருந்தார்கள். பின்கண்ணாடிகளில் இப்போது பழைய செய்தித்தாள் ஒட்டியிருந்தது. பின்கதவுக்குக் கீழே, வீட்டு வாசலில் விட்டது மாதிரி, ஒரு ஜோடி பெண்கள் செருப்பு.

அவள் கைப்பிடியைப் பிடித்தாள். பெரியவர் அவசரமாக அவள் கைமேல் கை வைத்தார்.

"மெதுவாத் திறம்மா. ராத்திரி பூரா நனைஞ்சுட்டு, வீட்டுக்காரி இப்பத்தான் கண்ணசந்தா."