வேட்டைப் படகின் ஓட்டை

ஏரியில் வாத்து சுட்டுக்கொண்டிருந்த ஒருவன் விற்ற பழைய படகை ஒரு நீர்நாய் வாங்கியது. மட்கிய பலகையை மாற்றியது, தார் பூசியது. என்ன செய்தும், ஏரியில் இறக்கினால் உள்ளே தண்ணீர் ஏறியது. நீர்நாய்க்குப் பொறுமை போய்விட்டது.

"இன்னொரு தடவை ஒழுகினா உன்னைப் பிளந்து விறகாக்கிடுவேன்" என்றது. படகுக்கு உதறல் எடுத்தது.

அந்தப் பக்கம் வந்த வாத்து ஒன்று, "கரையில ஏத்தி, உள்ளே தண்ணியை ஊத்திப் பாரு தம்பி. ஓட்டை இருக்கிற இடத்துல வெளியே சொட்டும்" என்றது.

நீர்நாய் ஊற்றியது. வாத்து அடியில் புகுந்து தேடியது. படகுக்கு மனசு கேட்கவில்லை.

"அக்கா, உங்க ஆளுங்களைச் சுட்டவன் எனக்குள்ளதான் ஒளிஞ்சிருந்தான்."

"தெரியும். ஆடாம இரு. எங்கே சொட்டுதுன்னே பாக்க முடியல."

ஒரு ஆணியின் பக்கத்தில் சொட்டியது. நீர்நாய் அதைக் காயவிட்டு, பஞ்சும் தாரும் வைத்து அடைத்தது. படகு ஒழுகாமல் மிதந்தது.

"உசுரைக் காப்பாத்திட்டீங்க. நான் என்ன செய்யணும் அக்கா?"

"என் குஞ்சுங்களை அக்கரையில விடு. இந்த எதிர்க்காத்துல அதுங்களால நீந்த முடியாது."

குஞ்சுகள் ஏறின. ஏறிய வேகத்தில் பலகை முழுக்க எச்சம் போட்டு வைத்தன. நீர்நாய் மூக்கைப் பொத்திக்கொண்டது. படகுக்கோ கொள்ளை சந்தோஷம். அதுவரை அது சுமந்த எந்த வாத்துக்கும் உயிர் இருந்ததில்லை.