இரண்டாவது பச்சை

சாயம் ஏற்றிய உயிர்ச் செல்லுக்குள் ஒளிர்வது ஒரே பச்சைதான் என்று பேராசிரியர் இருதயராஜ் புத்தகமே போட்டிருந்தார். இரண்டு என்றாள் அவருடைய ஆராய்ச்சி மாணவி மெஹர். இன்று பிரித்துக் காட்டாவிட்டால் அவள் ஆய்வுத் தலைப்பை மாற்றியாக வேண்டும். லேசர் பட்டாலே அந்தச் சாயம் வெளுத்துவிடும். மிஞ்சியிருந்ததோ ஒரே சாம்பிள்.

மைக்ரோஸ்கோப்பில் ஒளியை வாங்கும் டிடெக்டரின் இடுக்கை மயிரிழைக்குக் குறுக்கினாள். இனி நிறங்கள் பிரியும், ஆனால் உள்ளே வரும் ஒளி சொற்பம்.

“லேசரைக் கூட்டிக்கோம்மா.”

“கூட்டினா ஒரே நொடியில வெளுத்துடும், சார். ரூமைத்தான் இன்னும் இருட்டாக்கணும்.”

விளக்கை அணைத்தாள். கணினித் திரையையும் அணைத்தாள். கதவடியில் துப்பட்டாவைத் திணித்தாள். அப்புறமும் ஒன்று பச்சையாய் மினுங்கியது, அவர் மணிக்கட்டில்.

“சார், வாட்ச்.”

“மாமனார் போட்டது. கல்யாணத்துலேருந்து கழட்டினதே இல்லை.”

“அப்போ மாமனாரோட வெளியில நில்லுங்க, சார்.”

 இருட்டில் வார் கழலும் சத்தம் கேட்டது. அந்தப் பச்சை அவர் பாக்கெட்டுக்குள் மறைந்தது.

“ம், ஓட்டு.”

இயந்திரம் முனகி, ஓய்ந்தது. படம் பதிவாகிவிட்டது. இருவரும் அசையவில்லை.

“திரையைப் போடும்மா.”

மெஹர் இருட்டில் துழாவி, அவர் விரலைப் பிடித்துப் பொத்தான்மேல் வைத்தாள்.

“நீங்களே போடுங்க, சார்.”