தலையணைக்கடியில் ஓர் உறை

"உண்மையைச் சொல்லுங்க. எனக்குத் தெரியாம உப்புப் போட்டுத்தானே சமைக்கிறீங்க?" என்று மருமகளை மடக்கினார், வீட்டுக்கு வந்து பார்க்கும் நர்ஸம்மா. மாத்திரை ஆரம்பித்து இரண்டு வாரமாகியும் மாமனாரின் ரத்த அழுத்தம் இறங்குவேனா என்று அடம்பிடித்தது.

"இல்ல சிஸ்டர். பிள்ளைங்க தட்டுலகூட உப்பு கிடையாது."

"அப்ப பிரஷர் காத்துலயா ஏறுது?"

கணவன் அவளை முறைத்தான். "எங்கப்பாவைக் கொன்னுட்டுத்தான் ஓய்வா, சிஸ்டர்."

மருமகளுக்குக் கண் நிறைந்தது.

மாமனாரின் படுக்கையை அவள் சரிசெய்தபோது தலையணைக்கடியிலிருந்து ஒரு காகித உறை விழுந்தது. உள்ளே வலி மாத்திரைகள்.

"அப்படிப் போடுங்க. தினமும் இதைச் சாப்பிட்டா பிரஷர் மாத்திரையை எங்கே வேலை செய்ய விடும்? எந்தப் புண்ணியவான் கொடுத்தது, ஐயா?"

பெரியவர் மோட்டுவளையைப் பார்த்தார். "முழங்கால் வலின்னு சொன்னேன், பாவம், யாரோ இரக்கப்பட்டுக் கொடுத்தாங்க. விடும்மா."

"எப்படி விடறது? அந்த ஆளை நாலு வார்த்தை கேக்கணும்" என்றபடி உறையைத் திருப்பினார் நர்ஸம்மா.

'தினம் ஒன்று. சாப்பிட்ட பிறகு.'

முதன்முதலாக வந்த அன்று தன் கைப்பையிலிருந்து எடுத்து, தானே எழுதிக் கொடுத்த உறை. சுவரில் ஒட்டியிருந்த 'உப்பு கூடாது' தாளிலும் அதே கையெழுத்து.

மருமகள் உறையைப் பார்த்தாள், சுவரைப் பார்த்தாள். நர்ஸம்மாவுக்குத் தலை நிமிரவில்லை.

"சிஸ்டர்," என்றாள் மருமகள் மெதுவாக, "இன்னைக்குப் பிள்ளைங்க சோத்துல மட்டுமாவது உப்புப் போட்டுக்கட்டுமா?"