தகட்டில் ஒட்டிய முட்டைகள்

ஒரு நெல் கிடங்கின் சுவரில், காற்றின் ஈரத்தை அளந்து சொல்லும் ஈரமானி ஒன்று இருந்தது. ஒருநாள் பல்லி ஒன்று அதன் மூடிக்குள் நுழைந்து, அளக்கும் தகட்டின் மேலேயே இரண்டு முட்டைகளை ஒட்டிவிட்டுப் போனது. முட்டைகளின் ஈரம் தகட்டில் பட, அன்றிலிருந்து ஈரமானி ஓயாமல் "ஈரம், ஈரம்" என்றது. அதன் சொல்படி ஓடும் விசிறிகள், நன்றாகக் காய்ந்த நெல்லுக்கு வீணாகச் சுற்றின.

"கருவி கெட்டுப்போச்சு. காலையில கழற்றி வீசிட்டுப் புதுசு மாட்டிடுறேன்," என்றார் மெக்கானிக் அருளப்பன்.

பல்லி பதறி ஓடிவந்தது. "என்னாலதானே உனக்கு இந்தக் கெட்ட பேரு! முட்டையைப் பேர்த்துத் தள்ளிடட்டுமா?"

"பேர்த்தா உடைஞ்சிடும்," என்றது ஈரமானி. அதற்கும் பயமாகத்தான் இருந்தது. "உள்ள ஏதோ அசையுது. பொறு."

காலையில் அருளப்பன் மூடியைத் திறந்தபோது, இரண்டு குஞ்சுகள் அவர் கைமேல் ஏறிக் குதித்து ஓடின. "அடடே, இதுதான் சங்கதியா!" என்று சிரித்தபடி முட்டை ஓடுகளைத் துடைத்தெடுத்தார். அளவு சரியாகிவிட்டது. மூடியை மறுபடி மாட்டிவிட்டுப் போனார்.

பல்லி தயங்கித் தயங்கி வந்தது. "என் பிள்ளைங்களுக்காக இத்தனை நாள் பொய் சொன்னியே!"

"பொய்யா? நான் தொட்ட இடத்துல ஈரம் இருந்துச்சு," என்றது ஈரமானி. "அதைத்தான் சொன்னேன்."