கை படாத வளையம்

திரையில் சிவப்புக் கம்பங்கள் ஒவ்வொன்றாக எழுந்தன.

ஜனவரி. பிப்ரவரி.

கடைசி வரிசையில் நின்றிருந்த அவனுக்கு வியர்த்தது. அவன் மனசை யாரோ எக்ஸெல்லில் போட்டு வைத்திருந்தார்கள்.

"இதுதான் சார் நம்ம கம்பெனியோட நோய்," என்றார் ஆலோசகர். மூன்று மாதமாக நாடி பிடித்துப் பார்த்தவர்.

பக்கத்தில் மாலையும் சந்தனமுமாகப் புது மிஷின். கல்யாண மாப்பிள்ளைக்குக்கூட அத்தனை கதம்பம் சுற்றமாட்டார்கள். மேலே பேனர்: 'மனிதக் கை படாத உற்பத்தி'. அதைக் கட்ட ஐந்து பேர் ஏணி பிடித்தார்கள்.

கடைசல் பிடிக்கிற சாதா லேத் படுத்திருக்கும். இது நிற்கிற லேத். தலை மேலிருந்து இறங்கும். வளையத்தைத் தானே கவ்வும். ஒரு பக்கம் கடையும். புரட்டும். மறுபக்கத்துக்கு இன்னொரு தலை. ஒன்பது வினாடிக்கு ஒன்று.

தானே தனக்குக் கொடுத்துக்கொள்ளும்.

இதுவரை அப்படியில்லை. பம்புக்குப் போகும் அந்தச் சின்ன வளையத்துக்கு ஒரு பக்கம் அவன் லேத்தில். மறுபக்கம் சுகந்தியின் லேத்தில். அவன் கழற்றித் தட்டில் வைப்பான். அவள் துளையில் அளவு பார்க்கும் கேஜ் விட்டுப் பார்த்து எடுத்துக்கொள்வாள். நாலு வருஷம். ஒரு வணக்கம்கூட இல்லை. சொன்னாலும் அந்த இரைச்சலில் கேட்காது.

கேஜ் நுழையாவிட்டால் மட்டும் எழுந்து வருவாள்.

ரெண்டு எட்டு. வளையத்தை அவன் உள்ளங்கையில் வைப்பாள். "நுழையலைங்க" என்பாள். போய்விடுவாள்.

முதல் தடவை அது நிஜமாகவே தப்பு.

அப்புறம் அவன் பழகிக்கொண்டான். துளையை ஒரு முடியில் கால்வாசி இறுக்கமாக விடுவான். இறுக்கமென்றால் திரும்பக் கடைந்து சரிசெய்யலாம். அகன்றுவிட்டால் குப்பை. அவன் ஒருநாளும் அகல விட்டதில்லை. காதலிலும் கம்பெனிக்குக் கட்டுப்பட்டவன்.

காலையில் ஒன்று. சாப்பாட்டுக்குப் பிறகு ஒன்று. ஷிப்டு முடிகிறபோது ஒன்று.

அதற்கு மேலும் சிலது திரும்பி வரும். வெட்டுகிற டூல் தேய்ந்திருக்கும் என்று இன்னொரு தடவை லேத்தில் மாட்டிவிடுவான். அளந்து பார்த்ததில்லை. எண்ணியதுமில்லை. அவள் சொன்னால் சரி.

திரும்பி வந்ததெல்லாம் ஒரு நோட்டில் ஏறியது. நோட்டு ஆலோசகரிடம் போனது. மிஷின் கப்பலில் வந்தது.

ஆக, அந்த மிஷினை வாங்க வைத்தவன் அவன்தான். பேனரில் பெயர் இல்லை.

ஆனாலும் ஒரு நல்லது இருந்தது. புது மிஷினுக்கு ரெண்டு ஆள் வேண்டும். ஒருவர் தட்டு நிரப்ப, ஒருவர் அளந்து பார்க்க. பட்டியலில் அவன் பெயர். அடுத்து சுகந்தியின் பெயர். மற்றவர்களெல்லாம் திங்கட்கிழமையிலிருந்து அன்னூர் கிளையில் பேக்கிங். பட்டியலைப் பார்த்த நாளிலிருந்து அவன் தினமும் ஷேவ் செய்துகொண்டு வந்தான்.

"ஒரு நாளைக்கு ஆறு பீஸ் திரும்பி வருது சார்! ஆறு!"

ஆறா?

ஆலோசகர்கள் இரட்டிப்பாகத்தான் சொல்வார்கள் என்று விட்டுவிட்டான்.

மார்ச் வந்தது. கம்பமே இல்லை.

முதலாளி சென்னியப்பன் கண்ணாடியை மேலே ஏற்றினார்.

"இதென்னங்க, மார்ச்சுல மட்டும் சைபரு? அந்த ஒரு மாசம் நம்மாளுக ஜப்பான்காரனாயிட்டாங்களா?"

மிஷினைத் திறந்து வைக்க வந்திருந்த சிறப்பு விருந்தினர் சிரித்தார். ஆகவே எல்லோரும் சிரித்தார்கள்.

முன்வரிசையிலிருந்து சுகந்தி மெல்லச் சொன்னாள்.

"மார்ச்சுல நான் லீவுங்க சார். அக்கா பிரசவத்துக்குப் போயிருந்தேன்."

ஆலோசகர் விரலைச் சொடுக்கினார். "அவ்வளவுதான் சார்! அந்தம்மா இல்லை, தப்பும் இல்லை. கோளாறு எங்கேன்னு கிடைச்சிருச்சு."

முதலாளி பட்டியலை வாங்கினார். பேனாவைத் திறந்தார்.

நாலு வருஷமாக வராத குரல் அவனுக்கு அப்போது வந்தது.

"சார்... அவங்க மேல தப்பில்லைங்க. நாளைக்கு மூணு பீஸ் நான்தான் இறுக்கமா விடுவேன். வேணும்னேதானுங்க."

விழாவுக்காக லேத்துகளையெல்லாம் நிறுத்தியிருந்தார்கள். எல்லோருக்கும் கேட்டது.

"வேணும்னேவா? எதுக்குப்பா?"

பதில் இருந்தது. சிறப்பு விருந்தினர் முன்னால் சொல்கிற பதில் இல்லை.

ஆலோசகர் திரையைப் பார்த்தார். கணக்கில் மட்டும் கெட்டிக்காரர்.

"சரி, மூணு நீ. மீதி மூணு?"



அவன் சுகந்தியைப் பார்த்தான். அவள் நிமிரவில்லை. காது மடல் சிவந்திருந்தது.

டூல் தேயவில்லை. நாலு வருஷமும் தேயவில்லை. அந்த மூணிலும் கேஜ் நுழைந்துதான் இருக்கும்.

முதலாளிக்கும் என்னவோ விளங்கிவிட்டது. ரெண்டு பெயரையும் அடித்தார். அவளுக்கு அன்னூர் என்று எழுதினார். அவனுக்கு ஓசூர் கிளை.

பிறகு விருந்தினர் பக்கம் திரும்பினார். "இதுக்குத்தானுங்க, கையே படக்கூடாதுன்னு சொன்னேன்."

பலத்த கைதட்டல்.

ரிப்பன் வெட்ட நேரமாயிற்று. தட்டு பிடிக்க ஒரு பெண்பிள்ளை நிற்கட்டும் என்று காலையிலேயே ஏற்பாடு. தட்டு சுகந்தியின் கையில்தான் இருந்தது.

கத்தரிக்கோலை எடுத்து விருந்தினரிடம் நீட்டினாள்.