புதுப் பாரம்

“இதுல நான் கையெழுத்துப் போட மாட்டேன்” என்று சொல்லிவிட்டு, இசக்கியம்மாள் பாரத்தை மேஜையின் அந்தப் பக்கமாகத் தள்ளினாள்.

ராயபுரத்தில் வருமான வரி ஆபீசர் முகாம் போட்டிருந்த ஹால் அது. வரிசையில் நின்ற வியாபாரிகள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். வெள்ளைக்காரன் சர்க்காரின் குமாஸ்தா முகத்துக்கு நேரே இப்படிச் சொல்ல அவர்களில் ஒருவருக்கும் துணிச்சல் வந்ததில்லை.

குமாஸ்தா கோதண்டம் பேனாவைக் கீழே வைத்தார். “இன்னாம்மா இது, நீயும் கதர்க் கட்சியில சேந்துகினியா? நாலு பக்கம் இருந்த பாரத்தை ஒரே பக்கமா சுருக்கி, தமிழும் போட்டுக் குடுத்துகீறாங்க. வக்கீல் வூட்டுக்கு நடக்க வேணாம், கூலி அழ வேணாம். இதுல இன்னா கஷ்டம் ஒனக்கு?”

“மொத வரியில என்ன கேட்டிருக்கு, வாசிங்க.”

“குடும்பத் தலைவர் பேரு. ஆம்பள பேர்தான் போடணும்.”

“யாரு பேர எழுதியிருக்கீக?”

“ஒன் கொழுந்தனார் பேருதான். அவருதான் எழுதச் சொன்னாரு.”

கொழுந்தன் சண்முகவேல் பக்கத்திலேயே நின்றிருந்தான். துறைமுகத்துக்குக் கயிறு சப்ளை செய்கிறவன். அண்ணன் காய்ச்சலில் போன பிறகு, மார்க்கெட் தெருக் கருப்பட்டிக் கடையை இசக்கியம்மாள் தனியாகத்தான் நடத்தி வந்தாள். வரியும் அவள் பேரிலேயே கட்டிக்கொண்டிருந்தாள்.

“மைனி, ரெண்டு கடை வருமானத்தையும் ஒண்ணாக் காட்டிருவோம். ஒங்க வரியையும் சேத்து நானே கட்டிருதேன்” என்றான் சண்முகவேல். “ஒங்களுக்கு ஒரு சல்லி செலவில்ல. அண்ணன் பொஞ்சாதிக்கு இதுகூடச் செய்ய மாட்டேனா?”

வரிசையில் நின்றவர்கள் தலையை ஆட்டினார்கள். இப்படி ஒரு கொழுந்தன் யாருக்குக் கிடைப்பான் என்று ஒருவர் வாய்விட்டே சொன்னார்.

இசக்கியம்மாள் அவன் பக்கம் திரும்பவில்லை. “ஏங்க, போன வருசம் வரி கட்டுனவுக பேரையெல்லாம் எழுதி வச்சிருப்பீகல்லா? அதுல என் பேரு இருக்கா?”

“கீது. இதுல கையெழுத்துப் போட்டுட்டா இந்த வருசம் இருக்காது. விட்டுது சனியன்னு போவியா?”

“அப்பம் பழைய பாரத்தக் குடுங்க.”

யாரோ சிரித்தார்கள். சண்முகவேலின் முகம் சுருங்கியது. அடுத்த மாதம் கார்ப்பரேஷன் தேர்தலில் நிற்கப்போகிறவன், ஊர் வியாபாரிகள் முன்னால் இப்படி அவமானப்படுவதை எப்படித் தாங்குவான்?

“என்னய நம்பலியா மைனி? எல்லாம் இந்தக் கூடைக்காரிக சகவாசம்.” வாசலில் கருவாட்டுக் கூடையோடு உட்கார்ந்திருந்த குப்பம்மாவை அவன் கை காட்டினான். “மார்க்கெட் தெருவ அடைச்சுக்கிட்டு உக்காந்திருக்காளுக. தேர்தல்ல ஜெயிச்சதும் ஒருத்தி விடாமக் கெளப்புதேனா இல்லியா, பாருங்க.”

“அவ கூடைக்கு வாரவுகதான் தம்பி என் கடைக்கும் வாராக” என்றாள் இசக்கியம்மாள்.

சத்தம் கேட்டு ஆபீசர் உள்ளிருந்து வந்தார். கோதண்டம் எழுந்து நின்று விஷயத்தைச் சொன்னார்.

“அம்மா, உங்கள் சௌகரியத்துக்காகத்தான் பாரத்தையே மாற்றியிருக்கிறோம்” என்றார் ஆபீசர் பொறுமையாக.

“யாருக்கு சார் சௌகரியம்? கடை என்னுது. வருமானம் என்னுது. என் பேர எழுத அதுல எடமில்ல.”

ஆபீசர் பாரத்தை எடுத்து மேலிருந்து கீழ்வரை பார்த்தார். அதைத் தானே முதல்முறையாகப் படிக்கிறவர் போல இருந்தது அவர் பார்வை.

“பழைய பாரம் இந்த மாதக் கடைசி வரை செல்லும். ஆனால் அதில் எழுதிக் கொடுத்தால் வரி உங்கள் தலையில்தான் விழும். யோசித்துச் சொல்லுங்கள்.”

“யோசிச்சிட்டுத்தான் வந்தேன் சார்.”

கோதண்டம் அலமாரியிலிருந்து பழைய பாரத்தை எடுத்துத் தூசி தட்டினார். அவர் ஒவ்வொரு கேள்வியாகத் தமிழில் சொல்ல, அவள் பதில் சொன்னாள். பனங்காட்டுச் சரக்குக்குக் கொடுத்தது, வண்டிக்கூலி, கடை வாடகை, கெட்டுப்போன மூட்டை. சில கேள்விகள் கோதண்டத்துக்கே புரியவில்லை. எழுந்து உள்ளே போய்க் கேட்டுவிட்டு வந்தார்.

அதற்குள் வரிசையில் நின்றவர்கள் புதுப் பாரத்தை நிரப்பிக் கொடுத்துவிட்டு ஒவ்வொருவராக நடையைக் கட்டினார்கள். போகும்போது அவளைப் பரிதாபமாகப் பார்த்தார்கள்.

கடைசிப் பக்கத்தின் அடியில் இசக்கியம்மாள் தன் பேரை முழுசாக எழுதினாள்.

“நோட்டீஸ் ஒன் பேருக்குத்தான் வரும். அப்பால வந்து அழுவாதே” என்றார் கோதண்டம்.

“வரட்டும்.”

வெளியே ஜட்கா வண்டியில் ஏறாமல் சண்முகவேல் காத்துக்கொண்டிருந்தான். குப்பம்மாவின் கூடையில் ஒரு கை கொடுத்து அவள் தலைக்கு ஏற்றிவிட்டாள் இசக்கியம்மாள்.

“கட்ட வேண்டாம்னு சொன்ன வரிய அடம்பிடிச்சுத் தலையில ஏத்திக்கிட்டு வாரீக. இதுல என்ன கெடச்சுது மைனி ஒங்களுக்கு?”

அவள் நின்று அவனை நேராகப் பார்த்தாள்.

“வரி கட்டுதவளுக்குத்தான் தம்பி ஓட்டு. என் ஓட்டு ஒங்களுக்கு இல்ல.”